லைஃப் சர்டிபிகேட் பேரில் வரும் போன்: பென்ஷன் வாங்குவோர் கவனத்துக்கு

வீட்டில் பென்ஷன் வாங்கும் பெரியவர்கள் இருந்தால் தயவுசெய்து இதைப் படியுங்கள். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற என் பெரியப்பாவின் கணக்கிலிருந்து போன நவம்பரில் 1,80,000 ரூபாயை மோசடிக்காரர்கள் எடுத்துவிட்டார்கள்.

போன் செய்தவன் நல்ல தமிழில், மரியாதையாகப் பேசியிருக்கிறான். “ஐயா, பென்ஷன் செக்‌ஷன்ல இருந்து பேசறேன். உங்க லைஃப் சர்டிபிகேட் இன்னும் ஏறலை, அடுத்த மாசம் பென்ஷன் நின்னுடும்.” (பென்ஷன் வாங்குபவர் உயிரோடு இருக்கிறார் என்று ஆண்டுதோறும் கொடுக்கும் சான்றுதான் லைஃப் சர்டிபிகேட்.) பி.பி.ஓ. நம்பர் (பென்ஷன் ஆணை எண்), ஓய்வு பெற்ற தேதி, பெரியம்மா பெயர் எல்லாம் அவனே ஒப்பித்தானாம். இவ்வளவும் தெரிந்தவனை யார்தான் சந்தேகப்படுவார்கள்? வாட்ஸ்அப்பில் ஒரு ஏ.பி.கே. ஃபைல், அதாவது திறந்தால் போனில் ஆப்பை ஏற்றும் ஃபைல், வந்தது. பெரியப்பா அதைத் திறந்து, கேட்கிற அனுமதியெல்லாம் கொடுத்து, டெபிட் கார்டு விவரத்தையும் நிரப்பிவிட்டார்.

ஓ.டி.பி.யை மட்டும் அவர் யாரிடமும் சொல்லவே இல்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. போனுக்கு வரும் எஸ்.எம்.எஸ்ஸை அந்த ஆப்பே படித்து அவர்களுக்கு அனுப்பிவிடும். “ஓ.டி.பி. சொல்லாதீங்க” என்று பெரியவர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்கிறோமே, அது மட்டும் போதாது. வாட்ஸ்அப்பில் வரும் எந்த ஆப்பையும் ஏற்றக் கூடாது என்பதையும் சொல்லிக்கொடுங்கள். கூடவே உட்கார்ந்து, வாட்ஸ்அப் வழியாக ஆப் ஏற்றும் அனுமதியை அவர்கள் போனின் செட்டிங்ஸில் அணைத்துவிடுங்கள்.

என் மனதை அதிகம் வருத்துவது வேறு. மகன் திட்டுவானே என்று பயந்து, மறுநாள் சாயங்காலம் வரை அவர் வாயே திறக்கவில்லை. அதற்குள் பணம் பல கணக்குகளுக்குக் கைமாறிவிட்டது. வங்கியிலோ, “அனுமதி கொடுத்தது நீங்கதானே” என்று கையை விரித்துவிட்டார்கள். ரிசர்வ் வங்கியின் 2017 விதிப்படி, வாடிக்கையாளர் கவனக்குறைவால் பணம் போனாலும், வங்கிக்குத் தகவல் சொன்ன பிறகு போகும் பணத்துக்கு வங்கிதான் பொறுப்பு. அதனால் உடனே சொல்வதில்தான் எல்லாம் இருக்கிறது. பெரியவர்களைத் திட்டாதீர்கள்; திட்டினால் அடுத்த முறையும் மறைப்பார்கள்.

இப்படி ஒரு ஆப் ஏறிவிட்டது தெரிந்தால், அந்தப் போனை உடனே ஏரோப்ளேன் மோடில் போட்டு, வேறு போனிலிருந்து சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்கும் வங்கிக்கும் பேசுங்கள். புகார் எண்ணைக் கேட்டு எழுதி வையுங்கள்.

அப்புறம், என் அம்மாவுக்கு ஒரே ஒரு பதிலைச் சொல்லிப் பழக்கியிருக்கிறேன். யார் கேட்டாலும், “நான் பேங்குக்கு நேர்ல வர்றேன்” என்று சொல்லிப் போனை வைத்துவிட வேண்டும். நடக்க முடியாதவர்களும் யாரையும் நம்பி ஏமாற வேண்டியதில்லை. தபால் ஆபீஸில் சொன்னால் தபால்காரரே வீட்டுக்கு வந்து, கைரேகை வைத்து லைஃப் சர்டிபிகேட் எடுத்துக் கொடுப்பார். அதற்குக் கட்டணம் 70 ரூபாய்.