8 மெகாஹெர்ட்ஸ் கையடக்க டாப்ளர்: காலில் திசு மடல் சுழற்றுவோருக்கு ஒரு மதிப்புரை

இருசக்கர வாகன விபத்தில் கணுக்காலுக்குச் சற்று மேலே தோல் உரிந்து எலும்பு வெளியே தெரியும் காயம், பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவுக்கு வருபவற்றில் மிகவும் சோதிப்பது. மேலுறை போய்விட்ட எலும்பின் மீது, தொடையிலிருந்து சீவி எடுத்த தோலை ஒட்டினால் அது பிடிக்காது. தனக்கென ரத்த ஓட்டம் உள்ள திசுவைக் கொண்டுவந்துதான் மூட வேண்டும். முழங்காலுக்குக் கீழே மேல் மூன்றில் ஒரு பங்குக்குக் கெண்டைக்காலின் காஸ்ட்ராக்னீமியஸ் தசை உதவும். நடுப் பங்குக்கு அதன் அடியிலுள்ள சோலியஸ் போதும். கீழ்ப் பங்கிலோ தசைகள் நாண்களாகச் சுருங்கிவிடுவதால் அங்கே திருப்பிப் போடத் தசையே மிஞ்சுவதில்லை. தொடையிலிருந்து திசுவை முற்றாகப் பிரித்தெடுத்து, நுண்ணோக்கியின் கீழ் ரத்தக் குழாய்களைத் தைத்து இணைப்பது ஒரு வழி. அதற்கான கருவியும் பயிற்சி பெற்ற குழுவும் இல்லாத மருத்துவமனையில், காயத்துக்குப் பக்கத்துத் தோலையே ஒரு நுண்குழாயின் மேல் தூக்கிச் சுழற்றி வைப்பதுதான் மற்ற வழி. இப்படி ரத்த ஓட்டத்தோடு தூக்கி எடுக்கும் திசுவைத்தான் மடல் என்கிறோம். அந்தக் குழாய் எந்த இடத்தில் தோலுக்கு ஏறுகிறது என்பதை, மீயொலி அலைகளால் ரத்த ஓட்டத்தை உணர்ந்து, ஒலியாகச் சொல்லும் கையடக்க டாப்ளரைப் பற்றியது இந்த மதிப்புரை.

வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது ஆய்வுமுனையின் அதிர்வெண். எங்கள் பிரிவுக்கு முதலில் வந்து சேர்ந்தது 2 மெகாஹெர்ட்ஸ் முனையுடன் கூடிய, கருவிலிருக்கும் குழந்தையின் இதயத்துடிப்பைக் கேட்பதற்கான கருவி. விற்பனையாளருக்கு இரண்டும் "டாப்ளர்"தான். அது ஆழத்தில் உள்ளதைக் கேட்பதற்கானது. தோலுக்கு அருகே ஓடும் ஒரு மில்லிமீட்டர் குழாய் அதன் காதில் விழாது. மாற்றித் தரச் சொன்னபோது, வேறு முனையைத் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள் என்று பதில் வந்தது. முனையைக் கழற்றி மாற்றும் வசதியோ அந்தக் கருவியில் இல்லவே இல்லை. மேலோட்டமான குழாய்களுக்கு 8 மெகாஹெர்ட்ஸ் வேண்டும். பருமனான உடலிலும் தொடையிலும் 5 மெகாஹெர்ட்ஸ் துணைக்கு இருந்தால் நல்லது. பிறகு வந்த கருவியில் 8 மெகாஹெர்ட்ஸ் முனை பேனா பருமனில் கைக்கு அடக்கமாக இருக்கிறது. ஒலிபெருக்கியும் தெளிவாகவே உள்ளது. குறை என்றால் முனையின் கழுத்தில் ஒயர் வளையும் இடம். அது முதலில் தளர்கிறது. ஒயரைச் சுற்றி வைக்கும் பழக்கம் உள்ள ஆபரேஷன் தியேட்டர்களில் இன்னும் விரைவாகத் தளரும்.

காலின் தோலுக்கு ரத்தம் எங்கிருந்து வருகிறது என்பது தெளிவாகி அதிகக் காலம் ஆகிவிடவில்லை. தோலோடு அடிச் சவ்வையும் சேர்த்துத் தூக்கினால் காலில் நீளமான மடல்கள் பிழைக்கின்றன என்று சுவீடனின் பான்டென் 1981-இல் காட்டினார். உடலின் ஒவ்வொரு மூலத் தமனியும் தனக்குரிய திசுப் பரப்பை ஊட்டுகிறது என்ற வரைபடத்தை டெய்லரும் பாமரும் 1987-இல் தந்தார்கள். மின்விசிறியின் இறக்கையைப் போல ஒரு மையத்தைச் சுற்றித் திரும்பும் மடலை ஜப்பானின் ஹியாகுசோகு 1991-இல் விவரித்தார். பின்னர் வந்தவர்கள் அந்த மையத்தை ஒற்றைத் துளைநாளமாக, அதாவது ஆழத்துத் தமனியிலிருந்து கிளைத்துத் தோலுக்கு ஏறும் ஒரே நுண்குழாயாகச் சுருக்கி, 180 பாகை வரை திருப்பினார்கள். மடல் அந்த ஒரு குழாயை நம்பித்தான் நிற்கிறது என்னும்போது, கத்தியை வைப்பதற்கு முன்பே அதன் இடத்தைக் குறித்துக்கொள்வதற்கு மதிப்பு கூடுகிறது.

கருவியைக் கையாளும் முறையில்தான் பாதி பலன் இருக்கிறது. ஜெல்லை ஓரளவு தாராளமாக வைத்து, முனையைத் தோலுக்குச் செங்குத்தாக, அழுத்தாமல் நிறுத்த வேண்டும். சற்று அழுத்தினாலும் குழாய் நசுங்கி ஒலி மறைந்துவிடும். தமனியின் ஒலி துடிப்புக்கேற்ப விட்டுவிட்டு எழும்; சிரையின் ஒலி இடைவிடாத தாழ்ந்த இரைச்சல். உள் கணுக்காலுக்கு மேலே, எலும்பின் பின் விளிம்பையொட்டி முனையை மெல்ல நகர்த்திச் செல்லும்போது ஓர் இடத்தில் ஒலி கூர்மையாகி, அரை சென்டிமீட்டர் தள்ளினால் சட்டென்று அடங்கினால் அது துளைநாளமாக இருக்க வாய்ப்பு அதிகம். ஒலி ஒரு கோடாக நீண்டுகொண்டே போனால், அடியில் ஓடும் பெரிய தமனியைத்தான் கேட்கிறோம். கணுக்காலை நெருங்க நெருங்கப் பெரிய தமனியே மேலே வந்துவிடுவதால் இந்தக் குழப்பம் அங்கே மிகுதி. குளிரூட்டிய தியேட்டரில், ரத்த அழுத்தம் தாழ்ந்த நோயாளியிடம், இருக்கும் குழாயும் கேட்காமல் போகும். ஆகவே குறியிடும் வேலையை முன்தினமே வார்டில், கால் வெதுவெதுப்பாக இருக்கும்போது முடிப்பது நல்லது.

குறித்த புள்ளியிலிருந்து காயத்தின் தொலைவான விளிம்பு வரை அளந்து, அதோடு ஒரு சென்டிமீட்டர் கூட்டி, அதே நீளத்தை எதிர்த்திசையில் மேல்நோக்கி வரைந்தால் மடலின் நீளம் கிடைக்கும். இவ்வளவும் பென்சில் கோடுதான். ஒரு பக்கம் மட்டும் கீறி, உருப்பெருக்கிக் கண்ணாடி வழியே குழாயை நேரில் பார்த்த பிறகே மறுபக்கத்தை வெட்ட வேண்டும். இருக்கிறது என்று கருவி சொன்ன குழாய் மிக மெலிந்ததாக இருக்கலாம்; அதன் துணைச் சிரை பழுதுபட்டிருக்கலாம்; விபத்தில் நசுங்கிய பகுதிக்குள்ளேயே அது இருக்கலாம். ரத்தம் ஓடுகிறதா என்பதைச் சொல்லும் இக்கருவி, எவ்வளவு ஓடுகிறது என்பதைச் சொல்வதில்லை. அதற்கு வண்ண டாப்ளர் ஸ்கேன் வேண்டும். ஒலி பலமாகக் கேட்டது என்ற துணிவில் முதல் கீறலிலேயே மடலைச் சுற்றிலும் வெட்டிவிடும் இளம் மருத்துவர்கள் இருக்கிறார்கள். கருவியின் மேல் எனக்குள்ள ஒரே அச்சம் இதுதான்.

அறுவை நடக்கும்போதும் இது பயன்படுகிறது. ஜெல்லை உள்ளே நிரப்பிய கிருமிநீக்கிய உறைக்குள் முனையை இட்டுக் குழாயின் மேல் வைத்துக் கேட்கலாம். மின்கத்தி இயங்கும்போது மட்டும் இரைச்சல் தாங்க முடியாது.

வார்டில் நிலைமை வேறு. சுழற்றிய மடலில் முதலில் நெரிபடுவது மெல்லிய சுவருள்ள சிரை. தமனி அதன் பிறகும் சிறிது நேரம் துடித்துக்கொண்டிருக்கும். அதனால் டாப்ளரில் ஒலி நன்றாகவே கேட்க, மடலோ கருநீலமாகி வீங்கிக்கொண்டிருக்கும். "சத்தம் வருது டாக்டர்" என்று இரவுப் பணிச் செவிலியர் தொலைபேசியில் சொன்னால், நிறம் என்ன, விரலால் அழுத்தி எடுத்ததும் எவ்வளவு விரைவில் சிவக்கிறது என்று கேளுங்கள். கண் இமைப்பதற்குள் சிவந்தால் சிரையில் அடைப்பு. வெளுத்தே கிடந்தால் தமனியில். முன்னதற்கு உடனே சில தையல்களைப் பிரித்துவிட்டாலே மடல் தேறிவிடுவதுண்டு.

நுண்ணறுவைக் குழுவும் வண்ண டாப்ளரும் கைக்கெட்டும் மருத்துவமனைகளுக்கு இது அவசியமில்லை. மற்றவர்கள் வாங்கலாம். ஆணைக் கடிதத்தில் "8 மெகாஹெர்ட்ஸ், ரத்தக்குழாய்களுக்கானது" என்று எழுதிக் கொடுப்பதும், மாற்று முனை தனியே கிடைக்குமா, அதற்கும் உத்தரவாதம் உண்டா என்று பணம் கட்டுமுன் எழுத்தில் வாங்கிக்கொள்வதும் நல்லது.