முட்டி வலியோடு ஆடுவதா, உட்காருவதா?

காரைக்குடியில் கூடைப்பந்து ஆடும் பையன்கள் போட்டிக்கு முந்தின நாள்தான் கேட்பார்கள்: "அண்ணே, முட்டி வலிக்குது, நீ-கேப் உறை மாட்டிக்கிட்டு இறங்கிடவா?"

செலவு: ஆடினால் இன்றைக்கு நீ-கேப் விலைதான், ஜவ்வு அறுந்தால் ஸ்கேன், ஆபரேஷன், மதுரைக்கு அலைச்சல். உட்கார்ந்தால் பிசியோவுக்குக் கொடுப்பதோடு சரி.

காலம்: லேசான சுளுக்கு சில வாரம். முட்டிக்குள் இருக்கும் ஏசிஎல் ஜவ்வுக்கு ஆபரேஷன் என்றால் களம் திரும்ப 9 மாதமாவது பிடிக்கும். 2019-இல் அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ. இறுதிச் சுற்றில் கிளே தாம்சன் என்ற ஆட்டக்காரருக்கு இடது முட்டியில் அறுந்தது அதுதான். அப்படியும் அதே ஆட்டத்தில் களத்துக்குத் திரும்பி வந்து, ஃபவுலுக்குக் கிடைத்த இரண்டு ஃப்ரீ த்ரோவையும் போட்டார்! நின்று எறிய முடிந்தது என்பதற்காகக் காயம் சின்னதாகிவிடவில்லை. (அடுத்து குதிகால் தசைநாணும் போய், 2022 ஜனவரியில்தான் மறுபடி ஆடினார்.)

பெயர்: உட்கார்ந்தால் "பயந்துட்டான்" என்பார்கள். சொல்கிறவர் யாரும் ஆஸ்பத்திரிக்குத் துணைக்கு வரப்போவதில்லை.

வீக்கமில்லை, கால் முழுசாக மடங்கி நீள்கிறது, ஒற்றைக்காலில் குதித்தாலும் வலியில்லை, பிசியோவும் சரி என்கிறார்: ஆடலாம். அடிபட்டபோது 'டொப்'பென்று சத்தம், சில மணி நேரத்தில் வீக்கம், நடக்கையில் முட்டி நழுவல்: பெஞ்சுதான். வலி ஊசி போட்டுக்கொண்டு இறங்குவதை நான் கணக்கிலேயே சேர்க்கவில்லை.