பழைய செஸ்னா 172 வாங்குவதானால் எந்த மாடல்?

சொந்தமாக ஓட்ட செஸ்னா 172 என்ற நான்கு இருக்கைச் சிறு விமானத்தைப் பழையதாக வாங்கப் போகிறவர்கள் 1981 முதல் 1986 வரை வந்த 172பி-யை (172P) தேடலாம். வெளியே நின்று பார்த்தால் பெரும்பாலான 172-கள் ஒன்றுபோலத்தான் தெரியும். வித்தியாசம் இன்ஜினில் இருக்கிறது.

1956 முதல் 1967 வரையிலான மாடல்களில் கான்டினென்டல் ஓ-300: ஆறு சிலிண்டர், 145 குதிரைசக்தி. பூப்போல ஓடும்; ஆனால் கார்புரேட்டரில் ஐஸ் பிடிக்கும் சுபாவம் உண்டு. 1968-இல் நான்கு சிலிண்டர் லைகாமிங் ஓ-320 வந்தது, 150 குதிரைசக்தி. அதே இன்ஜினோடு வந்த 1973–76 மாடலான 172எம், கையில் பணம் குறைவாக இருப்பவருக்கு நல்ல தேர்வு.

யோசிக்க வேண்டியது 1977–80-இல் வந்த 172என். அதில் இருப்பது ஓ-320-எச்2ஏடி, 160 குதிரைசக்தி. லைகாமிங்கில் வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட், புரொப்பெல்லரைச் சுழற்றும் கிராங்க்ஷாஃப்டுக்கு மேலே இருக்கும். விமானம் வாரக்கணக்கில் சும்மா நின்றால் கேமில் ஒட்டியிருக்கும் ஆயில் வடிந்துவிடும். அடுத்த ஸ்டார்ட்டில் கேமும் அது தள்ளும் டேப்பெட்டும் உலோகத்தோடு உலோகமாக உரசி, மேற்பரப்பு செதில் செதிலாகப் பெயரும். எச்2ஏடி-யில் இது அதிகம் நடந்ததால்தான் அதற்கென்று ஒரு ஆயில் சேர்மானம் கட்டாயமாக்கப்பட்டது. லாக்புக்கில் (பராமரிப்புப் பதிவேட்டில்) ஒவ்வொரு ஆயில் மாற்றத்திலும் அது பதிவாகியிருக்கிறதா பாருங்கள். ஆயில் ஃபில்டரை வெட்டி, மடிப்புகளை விரித்து, காந்தத்தை நகர்த்துங்கள். மினுமினுக்கும் துகள் காந்தத்தில் ஒட்டினால் அது எஃகு. இந்த இன்ஜினில் ஒரு நல்ல விஷயம், இன்ஜின் கூட்டைப் பிரிக்காமலே டேப்பெட்டை உருவிக் கேமைக் கண்ணால் பார்த்துவிடலாம். விற்பவர் அதற்குச் சம்மதிக்காவிட்டால் விலகிவிடுங்கள். இன்னொன்று, ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் தரும் இதன் இரண்டு மேக்னெட்டோக்களும் ஒரே கூட்டுக்குள், ஒரே டிரைவில் ஓடுகின்றன. டிரைவ் போனால் இரண்டும் போகும்.

172பி-யில் அந்தத் தலைவலி இல்லை. ஓ-320-டி2ஜே, அதே 160 குதிரைசக்தி, தனித்தனி மேக்னெட்டோக்கள். இறங்கும்போது இறக்கையின் பின் ஓரத்தில் கீழே மடங்கும் ஃபிளாப் 40 டிகிரியிலிருந்து 30-ஆகக் குறைந்தது. அதிகபட்ச எடை 2,300 பவுண்டிலிருந்து 2,400 ஆனது. குட்டை ரன்வேயில் செங்குத்தாக இறங்கிப் பழகியவர்களுக்கு அந்த 40 டிகிரி இல்லாதது குறைதான். ஆனால் முழு ஃபிளாப்போடு இறங்காமல் மறுபடி மேலே ஏற வேண்டிய நேரத்தில் 40 டிகிரி எவ்வளவு இழுக்கும் என்று அறிந்தவர்கள் 30-ஐக் குறை சொல்ல மாட்டார்கள்.

1996-இல் உற்பத்தி மறுபடி தொடங்கியபின் வந்த 172ஆர், 172எஸ் இரண்டும் ஃபியூயல் இன்ஜெக்ஷன். கார்புரேட்டர் ஐஸ் பயம் இல்லை. 172எஸ் 180 குதிரைசக்தி, 2,550 பவுண்டு. பணம் தாராளமாக இருந்தால் தயங்க வேண்டாம்.

எந்த மாடலானாலும் முதலில் சீட் நகரும் தண்டவாளமான சீட் ரயிலைப் பாருங்கள். சீட்டைப் பூட்டும் ஊசி உட்காரும் துளை தேய்ந்து நீண்டிருந்தால், டேக்-ஆஃபில் மூக்கு உயரும்போது சீட் பின்னால் வழுக்கும். கையிலிருக்கும் யோக்கும் (விமானத்தின் ஸ்டியரிங்) கூடவே வரும், மூக்கு இன்னும் மேலே போகும். துளை 0.42 அங்குலத்தைத் தாண்டியிருந்தால் ரயிலை மாற்றியே ஆக வேண்டும். அடுத்து, இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவே இருக்கும் ஃபயர்வாலின் கீழ்ப்பகுதியில் டார்ச் அடித்துப் பாருங்கள். தகடு சுருங்கியிருந்தாலோ ரிவெட் தளர்ந்திருந்தாலோ மூக்குச் சக்கரம் எப்போதோ ஓங்கி அடித்திருக்கிறது. அந்த ரிப்பேர் லாக்புக்கில் இல்லையென்றால் விலை பேசுவதற்கு முன் அதைக் கேளுங்கள்.