காலண்டருக்குப் படம் கேட்டால் முழு ஃபைலை முதலில் கொடுக்காதீர்கள்

இயற்கைப் படம் எடுக்கும் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். அடுத்த ஆண்டின் சுவர் காலண்டருக்குப் படம் கேட்டு உங்களுக்கும் யாராவது எழுதக்கூடும். எனக்கு எழுதிய நிறுவனத்தின் பெயரை இங்கே சொல்லவில்லை. அவர்கள் நடந்துகொண்ட விதத்தைச் சொல்கிறேன், அடையாளம் கண்டுகொள்ள அதுவே உதவும்.

ஆரம்பத்தில் பேச்செல்லாம் அவ்வளவு மரியாதை. மாதத்துக்கு ஒன்று, அட்டைக்கு ஒன்று, ஆக 13 படங்கள். ஓர் ஆண்டுக்கு, அந்தக் காலண்டரில் மட்டும். ஒவ்வொரு படத்தின் கீழும் என் பெயர். இத்தனையும் மெயிலில் எழுத்தாக இருக்கிறது. பார்த்துத் தேர்ந்தெடுக்க நிறையப் படங்கள் வேண்டும் என்றார்கள், சிறிய அளவில் அனுப்பினேன். அப்புறம்தான் அடுத்த கோரிக்கை வந்தது: அத்தனைக்கும் முழு அளவு ஃபைல் வேண்டுமாம். அச்சில் எப்படி வரும் என்று பார்த்தால்தான் தேர்ந்தெடுக்க முடியுமாம்.

இது வெறும் சாக்கு. ஏ3 தாளில் 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) தரத்தில் அச்சிட ஏறக்குறைய 4961 × 3508 பிக்சல் வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் அது அச்சுக்கு வேண்டியது, தேர்வுக்கு அல்ல. தேதிக் கட்டங்களுக்கு மேலே படம் அகலவாக்கில் பொருந்துமா, ஓரத்தில் 3 மில்லிமீட்டர் வெட்டினால் மரத்தின் உச்சி போய்விடுமா, மாட்டும் துளை சூரியன் மேலேயே விழுமா, அடுத்தடுத்த இரண்டு மாதங்களுக்கும் பனிமூட்டமே வருகிறதா, ஒரு மாதம் முழுக்கப் பார்த்தாலும் சலிக்காத படமா என்பதெல்லாம் 1200 பிக்சல் பிரதியிலேயே தெரிந்துவிடும். ஃபோகஸில் சந்தேகமா? ஒரு மூலையை மட்டும் 100 சதவீத அளவில் வெட்டி அனுப்பினால் போதும். அப்படியே செய்கிறேன் என்று எழுதினேன். அச்சகம் காத்திருக்கிறது, இன்றைக்கே முழு ஃபைல் வராவிட்டால் உங்கள் படங்களை விட்டுவிடுவோம் என்று பதில் வந்தது. நிபந்தனைகள் எழுத்தில் இருந்ததால் அனுப்பினேன்.

ஃபைல்கள் போய்ச் சேர்ந்த பிறகு ஒப்பந்தப் படிவம் வந்தது. அதில் 13 படம் என்ற பேச்சே இல்லை. “சமர்ப்பித்த அனைத்துப் படங்களையும்” எந்த வடிவிலும், காலவரையின்றி, திரும்பப் பெற முடியாதபடி பயன்படுத்தவும் பிறருக்குக் கொடுக்கவும் உரிமை என்று இருந்தது. தேர்வாகாத படங்களும் இதில் அடக்கம். கையெழுத்துப் போடவில்லை, படங்களைத் திரும்பப் பெறுவதாக எழுதிவிட்டேன். சரி, வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறோம் என்றார்கள்.

காலண்டர் வந்தது, என் படங்களோடு. பெயர் எங்கும் இல்லை. சரிப்படாது என்று அவர்களே ஒதுக்கிய படங்கள்கூட டைரி அட்டையிலும் வாழ்த்து அட்டையிலும் வந்திருந்தன. ஒரு பக்கத்தில், ஈர இலை மேல் ஊரும் நத்தை. படத்தை இடவலமாகத் திருப்பிப் போட்டிருந்தார்கள். ஓட்டின் நுனியை மேலே வைத்துப் பார்த்தால் பெரும்பாலான நத்தை இனங்களுக்கு ஓட்டின் வாய், அதாவது உடல் வெளியே வரும் திறப்பு, வலப்பக்கம் இருக்கும்; நான் எடுத்த நத்தைக்கும் அப்படித்தான். காலண்டரில் அது இடப்பக்கம் போயிருந்தது. இலையின் கிழிந்த விளிம்பும் அதன் ஓரத்தில் நின்ற இரண்டு நீர்த்துளிகளும் அப்படியே எதிர்ப்பக்கத்துக்கு மாறியிருந்தன. இயற்கைக் காட்சி என்று விற்கிறவர்கள் ஓர் உயிரின் உருவத்தையே மாற்றிப் போட்டது எனக்குப் பணத்தைவிடப் பெரிய வலி.

கேட்டதற்கு, வேறு இடத்தில் வாங்கிய படம் என்றார்கள். கேமராவில் பதிவான ரா ஃபைலை, அதாவது எந்த மாற்றமும் செய்யாத மூலப் பதிவை, காட்டியதும் பேச்சு மாறியது: பதிவு செய்யாத படத்துக்குக் காப்புரிமை (காப்பிரைட்) கிடையாதாம். இதை நம்பி யாரும் ஒதுங்கிவிடாதீர்கள். படைப்பாளிகளின் உரிமையைக் காக்க 1886இல் உருவான பெர்ன் என்ற சர்வதேச உடன்படிக்கையில் சேர்ந்திருக்கும் நாடுகளில், படம் எடுத்த உடனேயே காப்புரிமை உண்டு. உரிமை பிறக்கப் பதிவு தேவையில்லை. வழக்குத் தொடர மட்டும் சில நாடுகளில் பதிவு கேட்பார்கள்.

அதனால், தேர்வுக்குச் சிறிய பிரதி மட்டும், குறுக்கே வாட்டர்மார்க் போட்டு அனுப்புங்கள். எந்தப் படங்கள், எந்தப் பொருளில், எவ்வளவு காலத்துக்கு என்று பட்டியலிட்டு இரு தரப்பும் கையெழுத்திட்ட பிறகு, தேர்வான படங்களின் முழு ஃபைலை மட்டும் கொடுங்கள். திருப்பக் கூடாது, கேட்காமல் வெட்டக் கூடாது என்பதையும் அதிலேயே எழுதுங்கள். ரா ஃபைலை யாருக்கும் கொடுக்காதீர்கள்.

பணமும் வரவில்லை, விற்பனையும் நிற்கவில்லை. வக்கீல் நோட்டீஸ் போயிருக்கிறது. “சமர்ப்பித்த அனைத்துப் படங்களையும்” என்ற வரியோடு உங்களுக்கும் படிவம் வந்திருந்தால், கையெழுத்துப் போடும் முன் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.