அரசு ஆய்வகத்துக்கு எங்கள் காரைக் கொடுத்தோம்: ஆன் ஆர்பர் புகைப் பரிசோதனை அனுபவம்

அமெரிக்காவில் நாங்கள் இருக்கும் மிச்சிகன் மாநிலத்தில் வண்டிக்குப் புகைப் பரிசோதனை கட்டாயம் இல்லை. வருடா வருடம் பதிவுக் கட்டணத்தைக் கட்டினால் ஸ்டிக்கர் தபாலில் வந்துவிடும். அதனால் 2023 செப்டம்பரில் இபிஏ என்று எல்லோரும் சொல்லும் அமெரிக்க அரசின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையிடமிருந்து கடிதம் வந்தபோது எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. உங்கள் காரைச் சில நாட்களுக்குப் பரிசோதனைக்குத் தர முடியுமா, விருப்பம் இருந்தால் மட்டும் கூப்பிடுங்கள் என்று எழுதியிருந்தது. காரின் வருடமும் மாடலும் சரியாக இருந்தன. மாற்று வண்டி தருவார்களாம், கொஞ்சம் பணமும் உண்டாம்.

எங்களுடையது 2020 மாடல் எஸ்யுவி. அப்போது 41,000 மைல் ஓடியிருந்தது. எங்கள் ஊரான கான்டனிலிருந்து பிள்ளைகளைப் பள்ளிக்கும் பாட்டு வகுப்புக்கும் கூட்டிக்கொண்டு அலைவது அதில்தான்.

கூப்பிடவே இரண்டு வாரம் ஆகிவிட்டது. நாங்கள் வழக்கமாக ஆயில் மாற்றப் போகும் சர்வீஸ் இடத்தில் விசாரித்தேன். அங்கே கவுன்டரில் இருந்தவர், "கொடுக்காதீர்கள், வாரன்டியில் சிக்கல் வரும், ஏதாவது கோளாறு என்றால் உங்கள் தலையில் கட்டிவிடுவார்கள்" என்று அடித்துச் சொல்லிவிட்டார். நான் நம்பிவிட்டேன். வீட்டுக்காரர்தான், "சும்மா ஃபோன் போட்டுக் கேளேன், கேட்பதற்கு என்ன காசா பணமா" என்றார்.

அந்த ஃபோன் பேச்சிலேயே என் பயம் பாதி போய்விட்டது. எடுத்தவர் பதினைந்து நிமிடம் பொறுமையாகக் கேள்வி கேட்டார். நீங்கள்தான் முதல் உரிமையாளரா, விபத்து ஏதும் உண்டா, எவ்வளவு மைலுக்கு ஒருமுறை ஆயில் மாற்றுகிறீர்கள், டிரெய்லர் இழுத்திருக்கிறீர்களா, எஞ்சினிலோ சைலன்சரிலோ வெளியே எதையாவது மாற்றினீர்களா, செக் எஞ்சின் விளக்கு எரிகிறதா என்று ஒவ்வொன்றாகப் போனது. எதற்கு இவ்வளவு கேள்வி என்று கேட்டேன். அவர் சொன்ன பதில்தான் இந்த விஷயத்தையே எனக்குப் புரியவைத்தது. தூய காற்றுச் சட்டத்தின்படி, ஒழுங்காகப் பராமரித்த வண்டிகளே கணிசமான எண்ணிக்கையில் வரம்பைத் தாண்டினால், அந்த மாடலை நிறுவனம் தன் செலவில் திரும்ப அழைத்துச் சரிசெய்ய வேண்டும். உரிமையாளர் ஆயிலே மாற்றாமல் ஓட்டிய வண்டியை வைத்து நிறுவனத்தைக் கேள்வி கேட்க முடியாது. அதாவது பரீட்சை எனக்கு இல்லை, காரைச் செய்தவர்களுக்கு. என் கார் அதிகமாகப் புகை விட்டாலும் எனக்கு அபராதம் எதுவும் கிடையாது. சர்வீஸ் கவுன்டரில் சொன்னது முழுக்கத் தப்பு.

அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை. எம்-14 நெடுஞ்சாலை வழியாகப் போனால் எங்களுக்கு இருபது நிமிடம். இபிஏ ஆய்வகம் ஆன் ஆர்பர் நகரில் பிளிமத் சாலையில் இருக்கிறது. வருடக்கணக்காக அந்த வழியே போய் வந்திருக்கிறேன், உள்ளே என்ன நடக்கிறது என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. 1971-லிருந்து இந்த வேலை அங்கே நடக்கிறது.

வண்டியை வாங்கிக்கொண்டவர் அவசரமே படவில்லை. டயர்களைப் பார்த்தார், ஏற்கெனவே இருந்த கீறல்களை ஒரு படிவத்தில் குறித்து என்னிடம் காட்டினார், கீழே குனிந்து டார்ச் அடித்துப் புகைக்குழாயில் ஓட்டை உண்டா என்று பார்த்தார். ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் சாக்கெட்டில் கருவியைச் செருகி, பழைய கோளாறு ஏதும் பதிவாகியிருக்கிறதா என்று படித்தார். டாஷ்போர்டில் மாமியார் ஒட்டிவைத்த பித்தளைப் பிள்ளையார் இருந்தார். எடுக்கட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்றார். ஐந்து நாள் கழித்துத் திரும்ப எடுக்கப் போனபோது பிள்ளையார் அதே இடத்தில், நெற்றிக் குங்குமம்கூட உதிராமல் இருந்தார். அவர்கள் வண்டியை எப்படிக் கையாண்டார்கள் என்பதற்கு எனக்கு அதுவே போதும்.

மாற்று வண்டி சுத்தமான செடான், காப்பீட்டோடு கொடுத்தார்கள். பிள்ளைகள் சீட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினோம்.

அன்று இரவு அம்மாவிடம் ஃபோனில் சொன்னேன். "ஏண்டி, புகை டெஸ்டுக்கா அஞ்சு நாளு? நம்ம ஊர்ல அஞ்சு நிமிஷந்தானே?" என்றார். அம்மா கேட்டது நியாயம்தான். எங்கள் ஊரில் அப்பா ஸ்கூட்டருக்குச் சான்றிதழ் வாங்கும் கடையில் குழாயைக் கிட்டே கொண்டுபோகாமலேயே தாளை நீட்டுவார்கள். அதைப் பார்த்து வளர்ந்ததாலோ என்னவோ, இங்கே செய்வதை விவரமாகக் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

பங்க்கில் நாம் போடும் பெட்ரோல் ஊருக்கு ஊர், பருவத்துக்குப் பருவம் மாறும் என்பதால், முதலில் டேங்கைக் காலி செய்து ஒரே தரமான பரிசோதனை எரிபொருளை ஊற்றுகிறார்கள். அப்புறம் வண்டியைக் குறைந்தது 12 மணி நேரம் எஞ்சினைத் தொடாமல் நிறுத்திவைக்க வேண்டும். காரணம், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் சூடானால்தான் வேலை செய்யும். காலையில் ஸ்டார்ட் செய்த முதல் ஓரிரு நிமிடத்தில்தான் அழுக்கு அதிகம் வெளியே போகிறது. நிறுத்திவைத்த வண்டியை அப்படியே உருளைகள் மேல் ஏற்றி ஓட்டுகிறார்கள். ஓட்டுநர் எதிரே திரையில் ஒரு கோடு ஏறி இறங்கும். அதன் வேகத்தைப் பிசகாமல் பிடிக்க வேண்டும். நடுவில் 10 நிமிடம் நிறுத்தி, மறுபடி ஓட்டி, மொத்தம் 11 மைல். அந்தக் கோடு லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தில் ஆட்கள் வேலைக்குப் போன பழைய வழித்தடம் ஒன்றிலிருந்து வந்ததாம். வெளியேறும் புகையைக் காற்றோடு கலந்து பைகளில் பிடித்து அளக்கிறார்கள்.

என் வண்டி தேறியதா என்று கேட்டேன். ஒரு வண்டியை வைத்து எதுவும் சொல்ல மாட்டோம், அதே மாடலில் வேறு வீடுகளிலிருந்தும் வண்டிகள் வர வேண்டும் என்றார்கள். அந்தப் பதில் எனக்குப் பிடித்திருந்தது.

இதில் ஆள் கிடைப்பதுதான் கஷ்டம் என்று நினைக்கிறேன். எங்கள் வாட்ஸாப் குழுவில் சொன்னபோது, ஒரு அண்ணா தனக்கும் அதே மாதிரி கடிதம் வந்ததாகவும் மோசடி என்று கிழித்துப் போட்டதாகவும் சொன்னார். அவரிடம் ஃபோக்ஸ்வாகன் கதையைச் சொன்னேன். 2013-ல் மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகக் குழு டீசல் கார்களைச் சாலையில் ஓட்டி அளந்தது. குழுவில் அரவிந்த் திருவேங்கடம் என்று நம் பக்கத்துப் பெயர்க்காரர் ஒருவரும் உண்டு. சோதித்த மூன்று கார்களும் நிறுவனம் பொறுக்கிக் கொடுத்தவை அல்ல. வாடகைக்கு எடுத்ததும், தனி ஆளிடம் வாங்கி ஓட்டியதும்தான். அவற்றில் இரண்டு ஃபோக்ஸ்வாகன்கள் வரம்பைப் போலப் பல மடங்கு நைட்ரஜன் ஆக்சைடு விட்டன. ஆய்வகத்தில் இருக்கிறோம் என்று கண்டுபிடித்து அங்கே மட்டும் நல்ல பிள்ளையாக நடக்கும் மென்பொருள் உள்ளே இருந்தது. 2015 செப்டம்பர் 18 அன்று இபிஏ அந்த நிறுவனத்துக்கு நோட்டீஸ் கொடுத்தது. உலகம் முழுக்க சுமார் 1.1 கோடி கார்களில் அந்த மென்பொருள் இருந்தது. யாரோ ஒருவர் தன் வண்டிச் சாவியைக் கொடுத்ததும் அந்த வேலையில் ஒரு பங்கு. என் சின்னவனுக்குக் குளிர்காலம் வந்தால் இன்ஹேலர் இல்லாமல் முடியாது. இந்த விஷயத்தில் நான் இவ்வளவு பேசுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

பணம் பற்றிக் கேட்கிறார்கள். கடிதத்தில் போட்டிருந்த தொகை செக்காக வந்தது. பெரிய தொகை இல்லை. டேங்கை நிரப்பிக் கொடுத்தார்கள், ஓடோமீட்டரில் நூற்றுச் சொச்சம் மைல் கூடியிருந்தது. அதற்குப் பிறகு வண்டியில் எந்த மாற்றமும் தெரியவில்லை.

ஐந்துக்கு ஐந்து நட்சத்திரம். கடிதம் வந்தால், அதில் உள்ள பெயரை வைத்து அந்த அலுவலகத்தின் எண்ணை நீங்களே தேடிக் கூப்பிடுங்கள், சந்தேகம் தீர்ந்துவிடும். ஆயில் மாற்றிய ரசீதுகளை எடுத்து வையுங்கள். பிள்ளைகள் சீட்டை முந்தின நாள் ராத்திரியே கழற்றிவிடுங்கள், எனக்கு நேரம் பிடித்தது அதற்கு மட்டும்தான்.