பழைய ரேம் கையில் இருக்கிறதா? ஏஎம்4, எல்ஜிஏ1700, ஏஎம்5 ஓர் அலசல்

புதிதாக டெஸ்க்டாப் சேர்க்கப் போகிறவர்கள் பிராசசர் பெயரைத்தான் முதலில் சொல்வார்கள். நான் திருப்பிக் கேட்பது வேறு: பழைய கம்ப்யூட்டரிலிருந்து எதைக் கழற்றி வைத்துக்கொள்ளப் போகிறீர்கள்? நல்ல டிடிஆர்4 ரேம் 32 ஜிபி இருக்கிறது என்றால் பேச்சு ஒரு பக்கம் போகும். ஒன்றுமே இல்லை என்றால் இன்னொரு பக்கம்.

டிடிஆர்4 ரேமுக்கு அடுத்த தலைமுறை டிடிஆர்5. இரண்டுக்கும் 288 பின்தான். ஆனால் அடியில் உள்ள வெட்டு இடம் மாறியிருக்கும், ஒன்றின் ஸ்லாட்டில் மற்றது உட்காராது. உள்ளே மின்சாரம் போகும் விதமும் வேறு. டிடிஆர்4-க்கு 1.2 வோல்ட்டை மதர்போர்டு சீராக்கித் தரும். டிடிஆர்5-க்கு 1.1 வோல்ட், அதைச் சீராக்கும் சிப் ரேம் ஸ்டிக்கிலேயே இருக்கிறது. ஆகவே ரேமை முடிவு செய்தாலே சாக்கெட், அதாவது மதர்போர்டில் பிராசசர் உட்காரும் இடம், பாதி முடிவாகிவிடும். ஏஎம்4, ஏஎம்5 இரண்டும் ஏஎம்டி நிறுவனத்தின் சாக்கெட்டுகள், எல்ஜிஏ1700 இன்டெல்லுடையது.

ஏஎம்4-இல் டிடிஆர்4 மட்டும்தான். 2017-இல் ஏஎம்டியின் முதல் ரைசன் பிராசசர் வந்ததிலிருந்து 5000 வரிசை வரை ஒரே சாக்கெட். உங்களிடம் ஏற்கெனவே ஏஎம்4 போர்டு இருந்தால் புது கம்ப்யூட்டர் தேவையா என்றே ஒருமுறை யோசியுங்கள். பயாஸை (போர்டைத் தொடக்கி வைக்கும் உள் மென்பொருளை) அப்டேட் செய்து, பழைய ரைசன் 1600-ஐக் கழற்றிவிட்டு 5600 போட்டாலே ஆள் மாறியதுபோல இருக்கும். போர்டு நிறுவனத்தின் தளத்தில் அந்த மாடலுக்கான பிராசசர் பட்டியலைப் பார்த்துக்கொண்டு, பழைய பிராசசர் போர்டில் இருக்கும்போதே அப்டேட்டை முடிக்க வேண்டும். கழற்றிய பிறகு ஞாபகம் வந்தால் திரும்ப மாட்டித்தான் ஆக வேண்டும்.

கழற்றுவது என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். ஏஎம்4-இல் பின்கள் பிராசசரின் அடியில் இருக்கும். ஒருமுறை கூலரை நேராகத் தூக்கினேன். காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டில் ஒட்டிக்கொண்டு, லீவர் பூட்டியிருக்கும்போதே பிராசசரும் சாக்கெட்டிலிருந்து பிய்த்துக்கொண்டு வந்துவிட்டது. ஓரத்தில் நான்கு பின் சாய்ந்திருந்தன. குச்சி எடுத்த மெக்கானிக்கல் பென்சிலின் முனையை ஒவ்வொரு பின்னிலும் நுழைத்து மெல்ல நிமிர்த்தினேன், பிழைத்தது. இப்போதெல்லாம் பத்து நிமிடம் கம்ப்யூட்டரை ஓடவிட்டுச் சூடாக்கி, அணைத்து, கூலரை இடமும் வலமுமாகத் திருகிவிட்டுத்தான் தூக்குகிறேன். எல்ஜிஏ1700-இலும் ஏஎம்5-இலும் பின்கள் போர்டுப் பக்கம் இருக்கின்றன. பிராசசருக்குப் பயமில்லை, ஆனால் அந்த மெல்லிய பின்கள் சாக்கெட்டில் வளைந்தால் பென்சில் வைத்தியம் அவ்வளவு எளிதல்ல.

அடுத்து எல்ஜிஏ1700. இன்டெல்லின் 12, 13, 14-ஆம் தலைமுறைகள் இதில் உட்காரும். இதன் வசதியும் வம்பும் ஒன்றேதான்: டிடிஆர்4 போர்டும் உண்டு, டிடிஆர்5 போர்டும் உண்டு, இரண்டும் ஒரே போர்டில் கிடைப்பது அபூர்வம். பி660, பி760 என்று போர்டின் பெயர் ஒன்றாகவே இருக்கும், கடைசியில் ‘டி4’ என்று ஒட்டியிருப்பதுதான் அடையாளம், சில மாடல்களில் அதுவும் இருக்காது. என் நண்பர் ஒருவர் இதைக் கவனிக்காமல் வாங்கிவிட்டு, கையில் ரேமை வைத்துக்கொண்டு ஸ்லாட்டையும் அதையும் மாறிமாறிப் பார்த்தார். பெட்டியின் பெயரை நம்பாதீர்கள், விவரப் பட்டியலில் நினைவக வகையைப் படியுங்கள்.

13, 14-ஆம் தலைமுறைகளின் வேகமான பிராசசர்களில் தேவைக்கு மேல் வோல்டேஜ் போய்ச் சிப் நிலைகுலையும் பிரச்சினையை இன்டெல்லே 2024-இல் ஒப்புக்கொண்டு, மைக்ரோகோட் (பிராசசருக்குள் ஓடும் கட்டளைத் தொகுப்பு) திருத்தம் வெளியிட்டது, உத்தரவாதத்தையும் இரண்டு வருடம் நீட்டியது. அவற்றைத்தான் வாங்குவேன் என்றால் முதல் வேலையாகப் பயாஸை அப்டேட் செய்யுங்கள். நானாக இருந்தால் டிடிஆர்4 போர்டில் 12-ஆம் தலைமுறை ஐ5-12400 போட்டுவிட்டு நிம்மதியாக இருப்பேன். அதில் உள்ளேயே கிராபிக்ஸ் இருப்பதால் கார்டு பிறகு வாங்கினாலும் திரையில் படம் வரும். ‘எஃப்’ என்று முடியும் மாடலில் வராது. ஏஎம்4-இல் 5600-க்கும் வராது. 5600ஜி-க்கு வரும், ஆனால் கிராபிக்ஸ் கார்டை இணைக்கும் பிசிஐஇ பாதை அதில் பழைய 3.0-தான்.

கையில் எதுவுமே இல்லாதவருக்கு ஏஎம்5 என்பதில் எனக்குத் தயக்கமில்லை. 2022-இல் வந்தது, டிடிஆர்5 மட்டும். ரைசன் 7000, 8000, 9000 வரிசைகள் மூன்றும் இதிலேயே, 2027 வரையாவது இந்தச் சாக்கெட்டைத் தொடர்வதாக ஏஎம்டி சொல்லியிருக்கிறது. இன்டெல் பக்கம் 2024 அக்டோபரில் எல்ஜிஏ1851 வந்துவிட்டதால் 1700-க்கு மேலே ஏறப் படி கிடையாது.

ஏஎம்5-இல் ரேமை இரண்டு ஸ்டிக்காகவே வாங்குங்கள். ரைசன் 7000-க்கு ஏஎம்டி உறுதி தரும் ரேம் வேகம் (வினாடிக்கு மெகா டிரான்ஸ்ஃபர் கணக்கில்) இரண்டு ஸ்டிக்குக்கு 5200, நான்கு போட்டால் 3600. ‘இப்போது இரண்டு, அப்புறம் இரண்டு’ என்ற பழைய கணக்கு இங்கே செல்லாது.

கூலர் விஷயத்தில் ஏஎம்5 பாதி தயவு காட்டுகிறது. போர்டோடு வரும் பிளாஸ்டிக் பிடிகளிலோ பின்தகட்டிலோ மாட்டும் ஏஎம்4 கூலர்கள் அப்படியே பொருந்தும். தன் சொந்தப் பின்தகட்டைக் கேட்பவை பொருந்தா, ஏஎம்5-இல் அதைக் கழற்ற முடியாது. எல்ஜிஏ1700-க்குக் கூலர் மாட்டும் ஓட்டைகளின் இடைவெளி 75-லிருந்து 78 மில்லிமீட்டராகிவிட்டது, பழைய இன்டெல் கூலருக்குப் புதிதாகப் பொருத்தும் கிட் வேண்டும்.

கேபினெட்டுக்கு இரண்டு அளவு போதும், கூலர் உயரமும் கிராபிக்ஸ் கார்டு நீளமும். பவர் சப்ளையில் மட்டும் விளையாட வேண்டாம். கழற்றி மாட்டும் கேபிள்களை ஒரு பவர் சப்ளையிலிருந்து எடுத்து வேறொன்றில் செருகக் கூடாது. பிளக் அழகாகப் பொருந்தும், ஆனால் பவர் சப்ளைப் பக்கத்துப் பின் வரிசைக்குப் பொது விதி இல்லாததால் 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 வோல்ட் போய் ஹார்ட் டிஸ்க்கை எரித்துவிடலாம்.

எல்லாம் மாட்டிய பிறகு ஏஎம்5-இல் முதல் தடவை பவர் பட்டனை அழுத்தினால் ஃபேன் சுற்றும், திரை கறுப்பாகவே இருக்கும். நான் இரண்டு முறை ரேமைக் கழற்றி மாட்டினேன், ஒருமுறை பிராசசரையே வெளியே எடுத்துப் பார்த்தேன். மூன்றாம் முறை அலுத்துப்போய் அப்படியே ஓடவிட்டு எழுந்து போய்விட்டேன். திரும்பி வந்தபோது பயாஸ் திரை வந்திருந்தது. போர்டு அதுவரை ரேமோடு வேகத்தைப் பேசி முடித்துக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.