தட்டைத் தாளில் ஆழம்: பெர்ஸ்பெக்டிவா, ஷேடிங்கா, மங்கலா?

படத்தில் ஆழம் வரவில்லை என்று யாராவது சொன்னால் உடனே கிடைக்கும் அறிவுரை, "பெர்ஸ்பெக்டிவ் கற்றுக்கொள்" என்பதுதான். பாதி நேரம் இது நோய் தெரியாமல் கொடுக்கும் மருந்து. வரைபவர் தேடுவது இரண்டில் ஒன்றாக இருக்கலாம். பழம், முகம், குவளை போன்ற ஒரு பொருள் தாளை விட்டுப் புடைத்துத் தெரிய வேண்டும், அது திரட்சி. அல்லது முன்னால் நிற்கும் மரத்துக்கும் பின்னால் இருக்கும் மலைக்கும் நடுவே இடம் இருப்பதாகத் தோன்ற வேண்டும், அது தூரம். திரட்சியைத் தரும் உத்தி தூரத்தைத் தருவதில்லை. தூரத்தைத் தருவதும் திரட்சியைத் தந்துவிடாது. ஆகவே எது சிறந்தது என்பதற்கு முன்னால், எதற்குச் சிறந்தது என்று கேட்க வேண்டியிருக்கிறது.

முதலில் எல்லோரும் பெரிதாகப் பேசும் நேர்கோட்டு பெர்ஸ்பெக்டிவ். நம்மை விட்டு விலகிப் போகும் இணைகோடுகள் நெருங்கிக்கொண்டே போய், அடிவானக் கோட்டில் உள்ள மறைபுள்ளியில் சேர்வதாக வரைவது. 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தாலியின் ஃபிளாரன்ஸ் நகரில் கட்டடக் கலைஞர் புருனெல்லெஸ்கி இதைச் செய்து காட்டினார். 1435இல் இன்னொரு இத்தாலிய அறிஞரான ஆல்பெர்ட்டி அதை விதிகளாக எழுதி வைத்தார். புருனெல்லெஸ்கி காட்டிய விதம்தான் சுவாரசியம். தான் தீட்டிய பலகையில் ஒரு துளை போட்டு, பலகையின் பின்பக்கமிருந்து அந்தத் துளை வழியே ஒற்றைக் கண்ணால், எதிரே பிடித்த கண்ணாடியில் படத்தைப் பார்க்கச் செய்தார். இந்த முறையின் பலமும் பலவீனமும் அந்தத் துளையிலேயே இருக்கின்றன: ஒரே கண், ஒரே இடம். ரோமில் புனித இக்னேஷியஸ் தேவாலயத்தின் விதானத்தில் 17ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆந்திரேயா பொத்ஸோ தீட்டிய ஓவியத்துக்கு நேர் கீழே, பார்ப்பவர் எங்கே நிற்க வேண்டும் என்று தரையில் ஒரு பளிங்கு வட்டம் பதித்திருக்கிறார்கள். அதில் நின்றால் தூண்கள் நேராக வானத்துக்கு ஏறும். தள்ளிப் போனால் அதே தூண்கள் சரிந்து விழப்போவதுபோல் ஆகிவிடும்.

கட்டடம், தெரு, அறை, மேஜை, படிக்கட்டு என்று மனிதன் செய்த நேர்கோடுகள் இருக்கும் இடத்தில் இதற்கு மாற்று இல்லை. விலகிப் போகும் ஒரு சுவரில் நான்கு ஜன்னல்களைச் சரியான இடைவெளியில் வைக்க வேண்டுமென்றால் கண்ணை நம்பி வேலைக்காகாது. மூலைவிட்டங்களைக் குறுக்கே போட்டு நடுப்புள்ளியைக் கண்டுபிடித்தே ஆக வேண்டும். சமதரையில் நாமும் நின்று, நம் உயரமுள்ளவர்களும் நின்றால், கிட்டே இருப்பவர் தூரத்தில் இருப்பவர் எல்லோருடைய கண்களும் அடிவானக் கோட்டிலேயே அமையும், பாதங்கள் மட்டும் மேலும் கீழுமாக இருக்கும் என்பது போன்ற கணக்குகள் இதிலிருந்துதான் கிடைக்கின்றன. கூட்டம் வரைபவர்களுக்கு இந்த ஒன்றே போதும்.

ஆனால் காடு, மேகம், பாறை, கடல், முகம்? இங்கெல்லாம் பிடித்துக்கொள்ள ஒரு நேர்கோடுகூட இல்லை. இன்னொரு தொல்லை, இரண்டு மறைபுள்ளிகள் வைக்கும்போது இரண்டையும் தாளுக்குள்ளேயே அடைத்துவிடுவது. பெட்டியின் முன்மூலை கத்திமுனைபோல் நீட்டிக்கொண்டு நிற்கும். குறைந்தது ஒன்றாவது தாளுக்கு வெளியே தள்ளியிருப்பது நல்லது. விதி சரியாக இருந்தும் படம் கோணலாகத் தெரிவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம்.

அடுத்தது மங்கல். தூரத்துப் பொருளுக்கும் நமக்கும் இடையில் உள்ள காற்று ஒளியைச் சிதறடிக்கிறது, நீல ஒளியை இன்னும் அதிகமாக. அதனால் தூர மலை வெளிறி, நீலம் பாய்ந்து, உள்விவரம் இழந்து தெரிகிறது. லியொனார்டோ டா வின்சி இதைப் பற்றிக் குறிப்புகளே எழுதியிருக்கிறார். மோனாலிசாவுக்குப் பின்னால் நீலமாகக் கரையும் பாறைகளைப் பார்த்தாலே புரியும். தூரத்தைக் காட்டுவதில் இதற்கு நிகராக எதுவும் இல்லை என்பது என் கணிப்பு. ஒரு கோடுகூட மறைபுள்ளியை நோக்கிப் போகாமல், மூன்றே மூன்று அழுத்தங்களில் மூன்று மலை வரிசைகளைத் தீட்டினால் மைல்கணக்கில் தூரம் வந்துவிடும். வாட்டர்கலர் என்றால் தூர மலையை ஈரத்தாளில் நீர்த்த வாஷாக விடலாம். பென்சில் என்றால் தூரத்துக்கு வெளிறிய கோடு தரும் 2ஹெச், கிட்டத்துக்கு கறுத்த கோடு தரும் 4பி. செலவும் குறைவு, கணக்கும் இல்லை.

"தூரம் என்றால் நீலம்" என்று மனப்பாடம் செய்துகொள்வதில்தான் சிக்கல். காற்று கறுப்பை வெளிறச் செய்கிறது, சரி. வெள்ளையை அது லேசாக மங்கவைத்து மஞ்சளாக்குகிறது. அடிவானத்துக்குப் பக்கத்தில் இருக்கும் வெண்மேகம் தலைக்கு மேல் இருப்பதைவிடக் கொஞ்சம் பழுப்பாகத் தெரிவது அதனால்தான். பனிமலையை நீலத்தில் முக்கி எடுப்பதற்கு முன் இதை நினைத்துக்கொள்ளலாம். அப்புறம், உண்மையில் நடப்பது நிறமாற்றம் மட்டும் இல்லை. கறுப்புக்கும் வெள்ளைக்கும் உள்ள இடைவெளி சுருங்குவது. நீலத்தை அள்ளிப் பூசிவிட்டு, தூர மரங்களின் கறுப்பை அப்படியே விட்டால் மலை ஓர் அங்குலம்கூட நகராது. அறைக்குள் நடக்கும் காட்சியிலும் இந்த உத்திக்கு அதிகம் வேலை இல்லை. பத்தடி காற்று எதை மங்கவைக்கப் போகிறது?

ஷேடிங் இவ்விரண்டோடும் போட்டியே இல்லை. அதன் களமே வேறு. வெளிச்சம் படும் பக்கம், அரை வெளிச்சம், அடர்நிழல், கீழே இருந்து திரும்பி வரும் எதிரொளி, தரையில் விழும் நிழல் என்று வரிசையாக வைத்தால் வட்டம் உருண்டையாகிறது. இத்தாலிய ஓவியர் கரவாஜியோவின் படங்களில் கையும் தோளும் இருட்டிலிருந்து நம்மை நோக்கி நீள்வது இந்த வகைதான். அங்கே இன்னொன்றையும் கவனிக்கலாம்: ஆட்கள் முன்னால் வருகிறார்களே தவிர, பின்னணி எங்கும் போவதில்லை. திரட்சி உச்சத்தில் இருக்கிறது, தூரம் கிட்டத்தட்ட இல்லை. நிலக்காட்சி தட்டையாக இருக்கிறதென்று ஒவ்வொரு மரத்துக்கும் விழுந்து விழுந்து நிழல் போடுபவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள். எல்லா மரமும் ஒரே அழுத்தத்தில் உருண்டு நின்றால் எல்லாமே ஒரே தூரத்தில் நிற்கும்.

ஷேடிங்கில் தனியாகப் பாராட்ட வேண்டியது தரையில் விழும் நிழலை. பொருளின் அடியை ஒட்டி நிழல் இருந்தால் பொருள் உட்கார்ந்துவிடும். அதையே சற்று விலக்கி வைத்தால் பொருள் காற்றில் மிதக்கும். பொருளில் ஒரு கோடும் மாறாமல் இடம் மட்டும் மாறிவிடுகிறது. ஒளி மேலிருந்து வருவதாகவே நம் மூளை எடுத்துக்கொள்வதையும் மறக்கக்கூடாது. நிலவின் பள்ளங்களைக் காட்டும் புகைப்படத்தைத் தலைகீழாக்கினால் பள்ளங்கள் மேடுகளாகிவிடும். காரணம் இல்லாமல் ஒளியைக் கீழிருந்து அடித்தால் முகத்திலும் இந்தக் குழப்பம் வரும்.

இத்தனைக்கும் நடுவில் யாரும் கண்டுகொள்ளாத ஓர் உத்தி உண்டு. ஒன்றை மறைத்து இன்னொன்றை வைப்பது. கற்க ஒரு நிமிடம் போதும், கருவி தேவையில்லை. உத்திகள் ஒன்றோடொன்று முரண்படும்போது கண் பெரும்பாலும் இதன் பக்கம்தான் சாய்கிறது. ஆங்கில ஓவியர் வில்லியம் ஹோகார்த் 1754இல் பெர்ஸ்பெக்டிவ் தெரியாதவர்களைக் கிண்டல் செய்து ஒரு படம் வரைந்தார். அதில் விடுதியின் பெயர்ப்பலகையைத் தூரத்துக் குன்றின் மரங்கள் மறைக்கின்றன. ஜன்னலில் நிற்கும் பெண் நீட்டும் மெழுகுவர்த்தியில் குன்றின் மேல் நிற்பவன் புகைக்குழாயைப் பற்ற வைக்கிறான். ஆடுகள் தள்ளிப் போகப் போகப் பெரிதாகின்றன. குன்று சிறியதாக, உயரத்தில், தூரத்துக்கு உரிய எல்லா அடையாளத்தோடும் இருக்கிறது. ஆனாலும் அந்த மரங்கள் பலகையை மறைக்கும் இடத்தில் நம் கண் மரங்களை முன்னால் இழுத்துப் போட்டுவிடுகிறது. ஹோகார்த் வேண்டுமென்றே செய்ததை நாம் தெரியாமல் செய்துவிடுவதுதான் வேடிக்கை. குறிப்பாக, கூரையின் விளிம்பும் மலையின் விளிம்பும் ஒன்றையொன்று மறைக்காமல் சும்மா தொட்டுக்கொண்டு நின்றால் எது முன், எது பின் என்றே தெரியாது. கொஞ்சம் ஏற்றியோ இறக்கியோ, மறைப்பதைத் தெளிவாக மறைக்க வேண்டும்.

இந்த உத்தியால் எவ்வளவு தூரம் என்று மட்டும் சொல்ல முடியாது. எது முன்னால் என்பதோடு அதன் வேலை முடிந்தது. எனவே மங்கலோடு சேர்த்தால் பிரமாதம். சீனாவில் 1072இல் குவோ ஷி தீட்டிய "இளவேனில்" ஓவியத்தில் மலைகள் ஒன்றன்பின் ஒன்றாக மறைந்து நிற்கின்றன, நடுவில் பனிமூட்டம் தீட்டாத வெறும் பட்டுத்துணியாகவே விடப்பட்டிருக்கிறது. தீட்டாமல் விட்ட இடம்தான் அங்கே தூரம்.

இணைகோடுகளைக் கடைசிவரை இணையாகவே விட்டு வரையும் கிழக்காசிய மரபையும் "பெர்ஸ்பெக்டிவ் தெரியாத காலத்து வேலை" என்று ஒதுக்கக்கூடாது. மீட்டர்கணக்கில் நீளும் சுருள் ஓவியத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விரித்துப் பார்க்கும்போது மறைபுள்ளியை எங்கே வைப்பது? கண் நகர்ந்துகொண்டே இருக்கிறது. அதற்கு இந்த முறைதான் பொருந்தும். கட்டட வடிவமைப்பிலும் பல வீடியோ கேம்களிலும் இன்றும் இது புழங்குகிறது. பார்ப்பவரைக் காட்சிக்குள் இழுக்காது என்பது உண்மை. மேலிருந்து நிதானமாகப் பார்க்கவைக்கும்.

சூடான நிறம் முன்னால் வரும், குளிர்ந்த நிறம் பின்னால் போகும் என்பதற்கு நான் கடைசி இடம்தான் கொடுப்பேன். கொஞ்சம் உண்மை இருக்கிறது, ஆனால் டோன், அதாவது வெளிச்சம் இருட்டின் அளவு, தப்பாக இருந்தால் எந்தச் சிவப்பும் காப்பாற்றாது. பிரெஞ்சு ஓவியர் மத்தீஸ் 1911இல் தீட்டிய "சிவப்பு ஸ்டூடியோ"வில் சுவர், தரை, மேஜை எல்லாமே ஒரே சிவப்பு. அதில் கொஞ்சம் நஞ்சம் அறையாகத் தெரிவதும் மெல்லிய கோடுகளின் தயவில்தான்.

புதிதாகத் தொடங்குபவருக்கு நான் சொல்லும் வரிசை: முதலில் மறைத்து வைத்தல், பிறகு டோன், அதன்பின் தரைநிழல், நான்காவதாக பெர்ஸ்பெக்டிவ். கட்டடம் வரைபவர் மட்டும் இந்த வரிசையைத் தலைகீழாக்கிக்கொள்ளலாம். எதைத் தேர்ந்தெடுத்தாலும், சோதிக்க இரண்டு வழிகள் இருக்கின்றன. படத்தைக் கறுப்பு வெள்ளையில் புகைப்படம் எடுத்துப் பார்ப்பது. டோன் பிழை உடனே மாட்டிக்கொள்ளும். இன்னொன்று, படத்தை எட்ட வைத்து இரண்டு கண்களையும் திறந்து பார்ப்பது. ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தால் எந்தப் படமும் கொஞ்சம் கூடுதல் ஆழத்தோடு தெரியும். தாள் தட்டையானது என்ற தகவலை மூளைக்குச் சொல்வது இரண்டு கண்களும் சேர்ந்துதான்.